40 மீட்டர் தேர்வும் ஏற்காடு மலைப்பாதையும்

டீப் டைவர் கார்டு, அதாவது சிலிண்டரோடு கடலில் 40 மீட்டர் ஆழம் வரை இறங்கப் பயிற்சி முடித்ததற்கான அட்டை, போன வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. இரண்டு தடவை எழுதி வாங்கிய கார்டு. முதல் தடவை எதில் விட்டேன் என்பதை சேலம், ஏற்காடு பக்கமிருந்து இந்தக் கோர்ஸுக்குப் போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். எத்தனை டைவ், என்ன வயது, முன்னால் எந்தக் கார்டு வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

புத்தகத்திலுள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதிக் காட்டியதோடு எங்கள் பயிற்சியாளர் விடமாட்டார். தானே 40 கேள்வி போட்டு ஒரு தாள் வைப்பார். 30 சரியாக இருந்தால் போதும். ஆனால் கடைசிக் கேள்வி தவறினால் மற்ற 39-ம் சரியானாலும் கையெழுத்து போடமாட்டார். எனக்கு 34 வந்தது. கடைசிக் கேள்வி போய்விட்டது.

கேள்வி இதுதான்: "இரண்டு நாளில் நான்கு டைவ். கடைசி டைவ் முடிந்து பகல் 11.30-க்கு மேலே வருகிறீர்கள். அன்று இரவு உங்கள் வீட்டில் தூங்கலாமா? காரணம் எழுதுக."

"தூங்கலாம். விமானத்தில் போகவில்லை, பஸ்ஸில்தான் போகிறேன்" என்று எழுதினேன். எழுதும்போது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

அவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஊர் எதும்மா?" என்றார்.

"ஏற்காடு சார்."

"இன்னைக்கு ராத்திரி?"

"அப்பா சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வர்றாரு சார். பத்து மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடுவோம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "வண்டியை வர வேண்டாம்னு முதல்ல போன் பண்ணு. அப்புறம் பேசலாம்."

டைவ் முடிந்த உடனே பறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது மூச்சுக் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. வெளி அழுத்தம் சட்டென்று குறைந்தால் அது குமிழியாகிவிடலாம். டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் பரிந்துரை இப்படி: டிகம்ப்ரஷன் (மேலேறும்போது நைட்ரஜன் வெளியேற இடையில் நின்று காத்திருப்பது) தேவைப்படாத ஒற்றை டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம், டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் 18-ஐ விட நன்றாகக் கூடுதலாக. இந்தக் கணக்கு 600 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரை உயரத்துக்குச் சமமான கேபின் அழுத்தத்துக்காகப் போட்டது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு விமானமும் தெரியாது, மலைப்பாதையும் தெரியாது. வெளி அழுத்தம் குறைந்தது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். கடல்மட்டத்தில் 1 என்றால் ஏற்காட்டில் சுமார் 0.83. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிறோம்.

ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதற்குப் புத்தகமே வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் எல்லாம் வெடிக்கிற மாதிரி உப்பியிருக்கும். மேலே காலி பாட்டிலை இறுக மூடிப் பைக்குள் போட்டால் சேலம் இறங்குவதற்குள் அது நசுங்கியிருக்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அந்த உப்பலையும் என் மூட்டுக்குள் இருக்கக்கூடிய ஒரு சின்னக் குமிழியையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை. மலையூர்க்காரர்கள் படிக்கும்போது இந்த ஒன்றைத் தயவுசெய்து முதலில் படியுங்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் இன்னும் கவனம். அவை நம் ஊரைவிட உயரம்.

அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். "கடலுக்கும் மலை ஏறுறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு விளக்க முடியவில்லை. அன்றிரவு அம்மாப்பேட்டையில் அத்தை வீட்டில் தங்கினேன். சேலம் நகரம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் கீழேதான். உயர நீர்நிலைகளுக்கான தனி டைவ் விதிகளே 300-க்கு மேல்தான் தொடங்குகின்றன. மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினேன். தாள் எழுத மூன்று வாரம் கழித்துத் திரும்பப் போனேன்.

சரி, மற்றவை. எங்கள் தாளில் பலரும் கோட்டைவிட்ட இடங்கள்:

- பாட்டம் டைம் (ஆழத்தில் இருந்ததாகக் கணக்கிடும் நேரம்) என்பது கீழே போய்ச் சேர்ந்ததிலிருந்து இல்லை. இறங்கத் தொடங்கிய நொடியிலிருந்து, நேராக மேலேறத் தொடங்கும் வரை.
- PADI என்ற பயிற்சி அமைப்பின் ஆர்டிபி (RDP) அட்டவணையில், நிறுத்தம் இல்லாமல் மேலேற அதிகபட்ச பாட்டம் டைம் 30 மீட்டருக்கு 20 நிமிடம், 35-க்கு 14, 40-க்கு 9. 31 மீட்டர் போனால் 35-க்கான வரிசையைத்தான் பார்க்க வேண்டும். 20 என்று எழுதிவிடாதீர்கள்.
- இந்த நேர எல்லையை 5 நிமிடத்துக்குள் தாண்டினால்: 5 மீட்டரில் 8 நிமிடம் நிறுத்தம், அப்புறம் 6 மணி நேரம் தண்ணீர் கூடாது. அதற்கு மேல் தாண்டினால்: காற்று இருக்கும் வரை, குறைந்தது 15 நிமிடம், பிறகு 24 மணி நேரம்.
- 5 மீட்டரில் தொங்கவிடும் உபரி சிலிண்டர் எதற்கு என்று கேட்டால் "பாதுகாப்புக்கு" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை. யாருக்கு, எத்தனை நிமிடத்துக்கு என்று கணக்கு வேண்டும்.

காற்றுக் கணக்கை மனப்பாடம் செய்யாமல் கையால் போட்டுப் பாருங்கள். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் 40 மீட்டரில் அழுத்தம் ஐந்து மடங்கு என்பதால் 100 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் சிலிண்டர், அழுத்தம் 200 பார் என்றால் 2,400 லிட்டர். 50 பார் கையிருப்பை ஒதுக்கினால் மிச்சம் 1,800. அதாவது 18 நிமிடம், அதிலேயே இறங்குவதும் ஏறுவதும் அடக்கம். பதற்றத்தில் மூச்சு இரண்டு மடங்கானால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பாருங்கள். நான் ஒவ்வொரு டைவுக்கும் முந்தைய இரவு இதை நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன். எனக்கு எழுதினால்தான் மனசு அடங்கும். சிலர் வாயால் சொல்லிப் பார்ப்பார்கள், அதுவும் போதும்.

40 மீட்டர் எவ்வளவு என்று உடம்பில் உறைக்க எனக்கு உதவியது மேட்டூர். அணை நிரம்பி 120 அடி என்று பேப்பரில் வருமே, அதைவிட 11 அடி அதிகம். அதன் அடியில் நின்றுகொண்டு மேலே பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நைட்ரஜன் மயக்கம், அதாவது ஆழத்தில் நைட்ரஜனால் புத்தி மந்தமாவது, பற்றி ஒன்று. படகில் ஸ்லேட்டில் 20-லிருந்து 1 வரை தலைகீழாக எழுத எனக்கு 19 விநாடி ஆனது. 34 மீட்டரில் அதே வேலைக்கு 37 விநாடி. 12-ஐ இரண்டு முறை எழுதியிருந்தேன். ஆனால் கீழே இருந்தபோது மிகவும் தெளிவாக இருப்பதாகத்தான் தோன்றியது! என் கையில் கட்டியிருந்த மாரியம்மன் கோயில் சிவப்புக் கயிறு அங்கே கருஞ்சாம்பலாகத் தெரிந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று பிறகு கூட வந்தவர் சொன்னார். எனக்கு அப்படி நேரம் போனதே தெரியவில்லை. மயக்கத்தின் அறிகுறி கேட்டால் பட்டியல் எழுதுங்கள், ஆனால் "தனக்கே தெரியாது" என்பதை முதல் வரியாக எழுதுங்கள். சில மீட்டர் மேலேறினால் தெளிந்துவிடும் என்பதை இரண்டாவதாக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு நான் முதலில் போன வேறொரு இடத்தில், 18 மீட்டர் கார்டு மட்டும் வைத்திருந்த என்னை 30 மீட்டருக்குக் கூட்டிப் போனார்கள். எதுவும் கேட்கவில்லை, எதுவும் விளக்கவில்லை. அன்று பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் கோபம் வருகிறது. கார்டைப் பார்க்காமல் ஆழத்துக்குக் கூட்டிப் போகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள். கையெழுத்து போட மறுக்கிற பயிற்சியாளர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

இரண்டாவது தடவை 38 வந்தது. கடைசிக் கேள்விக்குக் கொண்டை ஊசி வளைவு உட்பட ஒரு பக்கம் எழுதினேன். அன்று மாலை விழுப்புரம் தாண்டும்போது அப்பாவே கூப்பிட்டார்.

"எத்தனை மணிக்கும்மா தண்ணியை விட்டு மேல வந்தே?"

"பதினொன்றரைக்குப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. விரல் விட்டு எண்ணுகிறார் என்று புரிந்தது.

"அப்ப காலையில அஞ்சரை. சரி, அத்தை வீட்டுல தூங்கு. நான் ஏழு மணிக்கு அடிவாரத்துல நிக்கறேன்."