மூன்று முறை கழற்றிய கார்பரேட்டர்

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா வாங்கிய 1985-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. 1,089 சி.சி. இன்ஜின், அதன் மேல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் ஒரு சோலெக்ஸ் கார்பரேட்டர். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஷெட்டில் நின்றிருந்த வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்தபோது, காலையில் சோக்கை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் கைப்பிடி) இழுத்ததும் உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால், சூடேறிய பின் சோக்கை உள்ளே தள்ளினால் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கத் தொடங்கி, முதல் சிக்னலிலேயே அணைந்துவிடும். பின்னால் நிற்பவர்களின் ஹார்ன் சத்தத்தில் நிதானமாக யோசிக்க முடியாது.

கார்பரேட்டரைத் தொடுவதற்கு முன், பிளக்குக்கு மின்பொறி தரும் அமைப்பில் பாயிண்ட் இடைவெளியையும் கண்டென்சரையும் பார்த்துவிட்டேன். பற்றவைப்புக் கோளாறு பல நேரம் பெட்ரோல் கோளாறு போலவே நடிக்கும். அங்கே குறை இல்லை. பிளக்குகளைக் கழற்றியபோது முனைகள் தேநீர் நிறத்தில் இல்லாமல் வெளுத்திருந்தன. சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் இன்ஜின் ஒழுங்காக ஓடியது. இரண்டும் சொன்னது ஒன்றுதான்: கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது காற்று அதிகம்.

நான் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையின் அடியில் துரு நிறத்தில் மாவு போன்ற படிவு இருந்ததால் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்தான் அடைத்திருக்கிறது என்று நம்பினேன். ஜெட்டுகளைக் கழற்றி, கம்பியால் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும் என்பதால் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மாட்டினேன். இரண்டு நாளில் அதே கோளாறு. மறுபடி கழுவினேன், மூன்றாம் முறையும் கழுவினேன். இதற்கிடையில் எத்தனால் கலந்த பெட்ரோலையும் சந்தேகித்தேன். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். எனவே பழைய ஜெட்டில் அந்தக் கலப்பு சற்று வறண்ட (காற்று மிகுந்த) கலவையைத் தருவது உண்மையே. ஆனாலும் வண்டி அணையும் அளவுக்கு அது காரணமாகாது.

முன்பே கவனித்திருக்க வேண்டிய ஒன்று இருந்தது. ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் திறந்தாலும் இரண்டரைச் சுற்றுத் திறந்தாலும் இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லை. இதைக் கேட்ட எங்கள் தெரு மெக்கானிக், எண்ணெய்க் குப்பியை எடுத்து, ஓடும் இன்ஜினில் கார்பரேட்டரின் அடிப்புற இணைப்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். பின்பக்கத்தில் ஓரிடத்தில் எண்ணெய் சட்டென உள்ளே போனது, அந்த நொடியே ஐடிலிங் நிதானமாகி, சற்று நேரத்தில் சைலன்சரில் நீலப் புகை வந்தது. “ஏர் இழுக்குது சார், ஜெட்டை விடுங்க” என்றார்.

கழற்றிய கார்பரேட்டரின் அடித்தளத்தைக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தேன். இரு நட்டுகள் இறங்கும் காதுகளும் கண்ணாடியைத் தொட, நடுப்பகுதி வில்போல் உயர்ந்து நின்றது. இடைவெளியை அளக்கும் 0.2 மி.மீ. ஃபீலர் தகடு தடையின்றி உள்ளே நுழைந்தது. வளைத்தவன் நான்தான். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கசியக் கூடாதென்று நட்டுகளை முழு பலத்தோடு இறுக்கியிருக்கிறேன். வார்ப்பு உலோகம் மென்மையானது என்பது கைக்குத் தெரியவில்லை.

கண்ணாடியின் மேல் 400 எண் வாட்டர் பேப்பரை ஒட்டி, மண்ணெண்ணெய் தடவி, எட்டுப் போட்டாற்போல் மெதுவாகத் தேய்த்தேன். முதலில் காதுகள் மட்டும் பளபளத்தன. முக்கால் மணி நேரத்துக்குப் பின்பே நடுவிலிருந்த கருந்திட்டு மறைந்தது. துகள்களைக் கழுவி, சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கிய புது பேக்கிங்கை (இணைப்பின் இடைவெளியை அடைக்கும் தாளை) வைத்து, இரு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக, குட்டை ஸ்பேனரால் மட்டும் இறுக்கினேன்.

இன்ஜினைச் சூடேற்றி மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருப்பியபோது, முதல் முறையாகச் சத்தம் மாறியது. வேகம் மிகும் இடம் ஒன்றே முக்கால் சுற்றில் கிடைத்தது, அங்கே விட்டுவிட்டு ஐடிலிங்கைக் குறைத்தேன். 200 கிலோமீட்டருக்குப் பின் கழற்றிப் பார்த்த நான்கு பிளக்குகளில் மூன்று தேநீர் நிறத்தில் இருக்கின்றன. நான்காவது சற்றுக் கருத்திருக்கிறது. அது எண்ணெய் உள்ளே கசியாமல் தடுக்கும் வால்வு சீல் விவகாரமாக இருக்கலாம், அடுத்து அதைத் திறக்க வேண்டும்.