தேயிலைத்தூளில் ஒரு கரடி

கண்ணாடிக்குக் கீழே விளக்கு, கண்ணாடிமேல் தேயிலைத்தூள், அதற்கு நேர் மேலே கைப்பேசி. கை அனிமேஷன், அதாவது உருவத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் படமெடுத்து, வரிசையாக ஓட்டி அசைய வைப்பது, பழக வேண்டும் என்று கல்லூரி விடுமுறையில் தொடங்கிய வேலை, சுற்றிச் சுற்றி இந்த அமைப்பில் வந்து நிற்கிறது. ஊர் கோத்தகிரிப் பக்கம். ஊரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இங்கே எந்த முறை கைகொடுக்கும் என்பதை என்னைவிட மூடுபனிதான் அதிகம் தீர்மானித்தது.

முதலில் எடுத்தது வெட்டிய அட்டை உருவங்களை. பழைய காலண்டர் அட்டையில் ஓர் ஆளை வெட்டி, தோள், முழங்கை, முட்டி எல்லாவற்றையும் நூல் முடிச்சால் இணைத்தேன். ஜன்னலோர வெளிச்சத்தில் ஒரு படம், கையைச் சற்று நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்துக்கொண்டு போனால், இரண்டுக்கும் நடுவே ஒரு மூட்டம் வந்து போய்விடும். ஓட்டிப் பார்த்தால் ஆள் நடப்பது தெரியாது. வீட்டுக்குள் மின்னல் வெட்டுவதுதான் தெரியும். கேமராவின் வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டி வைக்கலாம், சூரியனைப் பூட்ட முடியாதே. ஆகவே ஜன்னலுக்குக் கம்பளி, வேலை இரவில். அப்போதும் மின்சாரம் ஏறி இறங்கினால் பல்பு கூடவே மங்கும். பவர் பேங்கில் செருகும் சிறிய யூ.எஸ்.பி. விளக்குக்கு மாறிய பிறகே எல்லாப் படங்களும் ஒரே வெளிச்சத்தில் அமைந்தன. புதிதாக இறங்குபவர்கள் காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் அதுதான், கேமரா அல்ல.

விளக்கைக் கீழே வைத்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926இலேயே ஒளிபாயும் கண்ணாடி மேசைமேல் கறுப்பு அட்டை உருவங்களை நகர்த்தி ஒரு முழுநீளப் படத்தை முடித்திருக்கிறார். கரோலின் லீஃப் 1968இல் அமெரிக்காவில் மாணவியாக இருந்தபோது, அட்டைக்குப் பதிலாக மணலைக் கண்ணாடியில் பரப்பி விரலாலேயே உருவங்களை மாற்றி மாற்றிப் படமெடுத்தார். எனக்குப் பிடித்துப்போனது இரண்டாவது வழி. ஆனால் கடற்கரை மணலுக்கு இங்கே எங்கே போவது? கட்டட வேலைக்கு வந்திறங்கிய, கல்லை உடைத்துச் செய்த மணலான எம்-சாண்டை எடுத்துப் பார்த்தேன். பருபருவென்று இருந்தது, கண்ணாடியையும் கீறியது. சமையலறையில் தேயிலைத்தூள் டப்பா இருந்தது.

நீலகிரியில் இருந்துகொண்டு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வீட்டில் தேயிலைத்தூள் விளையாட்டுப் பொருள் அல்ல. என் அம்மாயி, அம்மாவின் அம்மா, இலங்கையிலிருந்து வந்து இங்கே இலை பறித்தே குடும்பத்தைக் கரையேற்றியவர். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை பறிக்க வேண்டும் என்ற கணக்கை, நான் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் ஒப்பிப்பார். கடைசியில் டப்பாவின் அடியில் தங்கிய பழைய தூளைக் கொடுத்தார்.

தூள் எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வடிகட்டியில் சலித்துத் தூவினால் மெல்லிய படலமாக விழும். ஒளி அதனூடே கசிந்து பழுப்பாகத் தெரியும். கனமாகக் குவித்தால் சுத்தக் கறுப்பு. தீட்ட வேண்டியதில்லை, விலக்கினால் போதும்: ஈர்க்குச்சியால் கோடு, தூரிகையால் ஓரம், பழைய விசிட்டிங் கார்டால் பெரும்பரப்பு. விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பர் இருந்தால் ஒளி சீராகப் பரவும். கைப்பேசித் திரையைத் தொட்டுப் படமெடுத்தால் அது ஆடிவிடும். இயர்போனின் ஒலிப் பொத்தானை அழுத்தி எடுப்பது நல்லது.

தூளின் தொல்லை ஈரம். மூட்டம் இறங்கும் மாலைகளில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு கட்டி கட்டியாகிவிடுகிறது. வாணலியில் லேசாக வறுத்து ஆறவைத்தால் மறுபடி உதிரும். வறுக்கிற வாசனைக்கு வீடே எழுந்து வந்துவிடும், அது வேறு விஷயம். தும்மல் வந்தால் கண்ணாடியை விட்டு ஓட வேண்டும்.

இதில் பின்னால் திரும்ப வழியில்லை. அட்டை உருவத்தை இரண்டு எட்டு பின்னுக்கு வைக்கலாம். தூளில் ஒவ்வொரு படமும் முந்தைய படத்தை அழித்துத்தான் பிறக்கிறது. நொடிக்கு 12 படம் என்று வைத்துக்கொண்டால் 40 நொடிக் கதைக்கு 480 படங்கள். அத்தனையும் முன்னோக்கி மட்டுமே.

கதை கரடியைப் பற்றியது. கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் கரடி இரவில் கோயிலுக்குள் நுழைந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது எல்லோரும் அறிந்த சங்கதி. அந்த சிசிடிவி காட்சிகள் வாட்ஸ்அப்பில் சுற்றாத வாரம் அரிது. முதலில் வரைந்த திட்டத்தில் கரடி, ஓடும் மக்கள், கூண்டு, வனத்துறை ஜீப், முடிவில் ‘காட்டைக் காப்போம்’ என்ற வாசகம் எல்லாம் இருந்தன. பள்ளி ஆண்டு விழாவில் கைத்தட்டல் வாங்கும் கதை. தூள் அதை ஏற்கவில்லை. ஜீப்பின் நேர்கோடுகள் நிற்கவே இல்லை, கூண்டுக் கம்பிகள் ஒவ்வொரு படத்திலும் நெளிந்தன. கரடி மட்டும் அற்புதமாக வந்தது. சடை சடையாக ரோமம், ஓரம் தெளிவில்லாத கறுப்பு. தூளைக் குவித்தாலே பாதிக் கரடி. நெஞ்சிலுள்ள வெள்ளை வளைவுக்கு அந்த இடத்தில் தூளை விலக்கினேன், அடியிலிருந்த ஒளியே வெள்ளையாகிவிட்டது. கோயில் விளக்கின் சுடரும் அதே வழிதான்.

அங்கேதான் கதை மாறியது. சுடர் என்பது தூளில்லாத ஓர் ஓட்டை. கரடி எண்ணெயைக் குடித்தால் ஓட்டை சுருங்க வேண்டும். அதை மூடும் தூள் கரடியின் முதுகிலிருந்தே வரலாம். விளக்கு அணையும்போது கரடியே இருட்டாகப் பரவித் திரையை நிரப்புகிறது. விடிந்ததும் ஒரு கை இருட்டை விலக்கி மறுபடி எண்ணெய் ஊற்றுகிறது. அவ்வளவுதான். கூண்டும் ஜீப்பும் போயே போய்விட்டன. எண்ணெய் ஊற்றும் கை மட்டும் அட்டையில் வெட்டியது. தூளில் உருவாகும் கை விரல்கள் ஒட்டிக்கொண்டு பாதம்போல் இருந்தன. மேலும், மனிதர் கூர்மையாகவும் கரடி கலங்கலாகவும் இருப்பது பார்க்கப் பொருத்தமாகவே இருந்தது.

நடையை அம்மாயி திருத்தினார். “கரடி அப்படி நடக்காது சாமி, முன்கால் உள்பக்கம் திரும்பியிருக்கும்” என்றார். சிசிடிவி காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்; அப்படித்தான் இருந்தது. இன்னொன்றை நானே கண்டுகொண்டேன். வாசலில் கரடி நின்று மோப்பம் பிடிக்க வேண்டும். 8 படங்களுக்கு அசையாமல் விட்டால் கரடி செத்துப்போன மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் முதுகோரத்தில் நாலைந்து துகளைக் கலைத்துவிட்டால், நின்றபடியே மூச்சு விடுகிறது.

மூடுபனிக்காகக் கோலமாவைத் தூவிப் பார்த்தேன். கீழிருந்து ஒளி வரும்போது வெள்ளைப் பொடியும் கறுப்பாகத்தான் தெரியும் என்பது அப்போது விளங்கியது. இப்போது இரண்டாவது கண்ணாடியைச் செங்கல்மேல் ஏற்றி, கிழித்த பட்டர் பேப்பரை அதன்மேல் படத்துக்குப் படம் இழுக்கிறேன். அது நன்றாக வருகிறது.

கரடி எண்ணெய் உறிஞ்சும் ஒலிக்கு, அம்மாயி சாசரில் டீ உறிஞ்சுவதைப் பதிவு செய்தாயிற்று. கோயில் மணியைத்தான் பதிய முடியவில்லை. தகரக் கூரைமேல் மழை ஓயவில்லை.

பிடிபடாமல் இருப்பது படிக்கட்டு. கரடி படியேறும்போது நாலு கால்களும் ஒரே குவியலாகிவிடுகின்றன. கால்களுக்கு மட்டும் அட்டையில் அச்சு வெட்டி, அதைக் கண்ணாடிமேல் வைத்துத் தூளைச் சலித்துவிட்டு எடுத்துவிடலாமா என்று பார்க்கப்போகிறேன். ஓரம் மிகக் கூர்மையாகிவிட்டால் தூரிகையால் கலைத்துக்கொள்ளலாம்.