மேக்கோங்கின் கடைமடை வரை: 8 நாள், 2 நாடு, ஒரு நாற்றம் பிடித்த பேருந்து

என் பயணப் பையை மூன்று முறை துவைத்து வெயிலில் உலர்த்திய பிறகும் அதிலிருந்து புளித்த மீனின் வாடை போகவில்லை. ஆகவே விசா, விமானம், தங்குமிடம் என்று ஒழுங்காகத் தொடங்க நினைத்திருந்த இந்தக் கட்டுரையை அந்த வாடையிலிருந்தே தொடங்குகிறேன். சியெம் ரீப் நகரிலிருந்து கம்போடியத் தலைநகரான புனோம் பென்னுக்கு "ஐந்து மணி நேரம், குளிர்சாதன வசதி உண்டு" என்று சொல்லித் தலைக்கு 12 டாலர் வாங்கிக்கொண்ட பேருந்து, ஒன்பது மணி நேரம் ஓடியது. குளிர்சாதனம் முதல் அரை மணி நேரத்திலேயே ஓய்ந்துவிட, திறக்க வழியில்லாத கண்ணாடிகளுக்குள் நாங்கள் வெந்துகொண்டிருந்தபோது, எங்கள் இருக்கைக்கு அடியில் யாரோ ஏற்றிவிட்டிருந்த பிளாஸ்டிக் வாளியிலிருந்து பிரகோக் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. மீனை நசுக்கி, உப்பிட்டு, மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் செய்யும் விழுதுதான் பிரகோக். கம்போடியாவின் கெமர் மக்கள் வீடுகளில் அது இல்லாமல் அடுப்பு எரியாது. வழியில் ஓட்டுநருக்கு வேண்டிய மூன்று உணவகங்களில் வண்டி நின்றது. அவற்றில் ஒரு தண்ணீர்ப் புட்டியின் விலை நகரத்தில் விற்பதைப் போல இரண்டு மடங்கு. நான் கொதித்துக்கொண்டிருந்தபோது, செலவுக் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமலேயே சொன்னார்: "அந்த வாளியில இருக்கிறதப் பாக்கத்தானடா இவ்வளவு தூரம் வந்தோம்."

அவர் சொன்னது உண்மைதான். திபெத் பீடபூமியில் பிறந்து, சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று ஆறு நாடுகளைத் தொட்டுக்கொண்டு 4,300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடித் தென்சீனக் கடலில் கலக்கும் மேக்கோங்கை முழுவதும் பார்க்க எங்களிடம் காசும் இல்லை, விடுமுறையும் இல்லை. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவர்கள் என்பதால், ஓர் ஆற்றின் கடைசி மடையில் நிற்பவனுக்குத் தண்ணீர் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதையே பார்க்க விரும்பினோம். விமானக் கட்டணம் நீங்கலாக இருவருக்கும் 70,000 ரூபாய் என்று வரம்பு வைத்துக்கொண்டு, செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் கிளம்பினோம். இரண்டு நாட்டு விசாக்களுக்கு மட்டுமே 110 டாலர் போய்விட்டதால், அக்காவின் நோட்டு முதல் பக்கத்திலேயே சிவப்பு மையைக் கண்டுவிட்டது.

சியெம் ரீப்புக்கு வருபவர்கள் எல்லோரும் அங்கோர் கோயில்களுக்குப் போகிறார்கள்; நாங்களும் ஒரு நாள் போனோம், அதைப்பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாங்கள் வந்த காரணம் அந்த நகருக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் தொன்லே சாப் ஏரி. கம்போங் ப்ளுக் என்னும் ஏரிக்கரைக் கிராமத்துக்குப் போய்வர ஒரு துக்துக் ஓட்டுநர் 18 டாலருக்கு ஒப்புக்கொண்டார். திரும்பி வந்து இறங்கியபோது, 18 என்பது போவதற்கு மட்டும் என்றும், வருவதற்குத் தனியாக 12 என்றும் சொல்லி, எங்கள் பையைப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில் அரை மணி நேரம் வாக்குவாதம் செய்து 5 டாலர் கூடுதலாகக் கொடுத்துப் பையை மீட்டோம். பேசிய தொகையைத் தாளில் எழுதி, "போகவும் வரவும்" என்பதையும் சேர்த்து எழுதிக் காட்டிவிட்டு ஏறுங்கள்; புன்னகையை நம்பி ஏறாதீர்கள்.

ஆனால் அந்தக் கிராமம் 30 டாலருக்கும் தகும். கோடையில் 20 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் மரத்தூண்களின்மீது வீடுகள், பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. நாங்கள் போனபோது தண்ணீர் ஏறி, வாசற்படிக்குச் சில முழம் கீழே தளும்பிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்கு உப்பு வாங்கப் போகும் சிறுமி, நம் ஊர்ப் பிள்ளைகள் மிதிவண்டியை எடுப்பது போல, துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். ஊரைத் தாண்டினால் கழுத்தளவு நீரில் நிற்கும் காடு. தொன்லே சாப்பின் அதிசயமே இந்தக் காடுதான். வறண்ட காலத்தில் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, மழைக்காலத்தில் சுமார் 15,000 சதுர கிலோமீட்டராகப் பெருகுகிறது. அந்தப் பெருக்குக்குக் காரணம் அங்கே பெய்யும் மழை மட்டுமன்று. மேக்கோங்கில் வெள்ளம் உயரும்போது, ஏரியிலிருந்து அதில் வந்து கலக்கும் ஆறு அப்படியே திசை மாறி, மேக்கோங்கின் தண்ணீரை ஏரிக்குள் கொண்டுபோகிறது. தண்ணீரோடு வண்டலும் மீன்குஞ்சுகளும் மூழ்கிய காட்டுக்குள் நுழைந்து, அங்கே தின்று வளர்ந்து, வெள்ளம் வடியும்போது மீண்டும் பெரிய ஆற்றுக்கு வருகின்றன. எங்கள் இருக்கைக்கு அடியில் கசிந்த பிரகோக்கும் இப்படி வளரும் 'ரியெல்' என்னும் விரல் நீளச் சிறுமீனில் செய்வதுதான். அந்நாட்டு நாணயத்துக்கும் ரியெல் என்றே பெயர். மீனின் பெயரைத்தான் காசுக்கு வைத்தார்கள் என்று அங்கே சொல்லிக்கொள்கிறார்கள். மெய்யோ பொய்யோ, பொருத்தமான பேச்சு.

மேக்கோங்கில் வெள்ளம் தாழ்ந்தாலோ தாமதமானாலோ இந்த ஏற்பாடு முழுவதும் தடுமாறுகிறது. 2016-ஆம் ஆண்டின் வறட்சியில் ஏரியைச் சூழ்ந்த இந்தக் காட்டின் கணிசமான பகுதி தீப்பற்றி எரிந்துபோயிற்று. ஆண்டில் பாதி நாள் நீருக்குள் நிற்க வேண்டிய மரம் எரிகிறது என்பதைப் படகில் அமர்ந்து கேட்டபோது என்னால் நம்பவே முடியவில்லை.

புனோம் பென்னில் எங்கள் தங்குமிடம் மோசம், காபி அருமை. அந்த நகரில் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய மிகச் சிறந்த காட்சி, அரண்மனைக்கு எதிரே உள்ள ஆற்றங்கரையில் மாலை நேரத்தில் கிடைக்கிறது. அங்கேதான் தொன்லே சாப் ஆறும் மேக்கோங்கும் சந்திக்கின்றன. அங்கேயே மேக்கோங்கிலிருந்து பாசாக் என்னும் கிளை பிரிந்து தெற்கே போகிறது. தூரத்தில், மேக்கோங்கின் நடுவே, ஆகாயத் தாமரைத் திட்டுகள் கடலை நோக்கித் தெற்கே போய்க்கொண்டிருந்தன. எங்கள் காலடியில் ஓடிய தொன்லே சாப்பிலோ அதே ஆகாயத் தாமரை வடக்கே, உள்நாட்டை நோக்கி மிதந்துகொண்டிருந்தது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ஒரே வகைச் செடி இரண்டு எதிர்த் திசைகளில் போவதைப் பார்த்த பிறகுதான், ஆறு திரும்பி ஓடுகிறது என்று புத்தகத்தில் படித்தது எனக்கு விளங்கியது. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நோட்டில் அன்று மாலைக்கான செலவு வேர்க்கடலை மட்டும்.

புனோம் பென்னிலிருந்து வியட்நாமின் சௌ தொக் நகருக்கு மேக்கோங் வழியாகவே விரைவுப் படகு போகிறது. தலைக்கு 35 டாலர். பேருந்தைவிடப் பல மடங்கு அதிகம் என்று அக்கா முணுமுணுத்தார், நானோ இனிமேல் பேருந்து என்ற பேச்சே வேண்டாம் என்று நின்றேன். இந்த வழியில் போவோருக்கு ஒரு முன்னெச்சரிக்கை: வியட்நாமின் மின்விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது நுழைவிடமாக விமான நிலையத்தை அன்றி ஆற்றுவழி நுழைவிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களோடு வந்த ஒரு தம்பதியர் அதைத் தவறாகக் குறித்திருந்ததால் எல்லையில் பட்ட பாட்டை நேரில் கண்டேன்.

அந்த ஐந்து மணி நேரப் பயணத்தில் நான் எதிர்பார்த்தது பசுமையும் மீனவர்களும். அவையும் இருந்தன. ஆனால் கண்ணை நிறைத்தவை மணல் படகுகள். ஆற்றின் அடியில் குழாயை இறக்கி மணலை உறிஞ்சும் எந்திரங்கள் நடு ஆற்றில் நங்கூரமிட்டிருந்தன. விளிம்பு வரை மணல் ஏற்றியதால் தளம் தண்ணீரோடு தண்ணீராகத் தெரிந்த பெரும் படகுகள், எங்களைப் போலவே தெற்கு நோக்கிப் போயின. முதலில் எண்ணத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். புனோம் பென்னின் புதிய குடியிருப்புகள் பல, ஏரிகளையும் சதுப்புகளையும் இந்த ஆற்று மணலால் மேடாக்கி எழுப்பப்பட்டவை. இரவில் லாரி வரிசையாக மணல் போகும் ஊரிலிருந்து வந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மணல் எடுப்பதை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று, ஏனென்றால் எடுக்கப்படும் மணலுக்கு ஈடாக மேலிருந்து வந்துகொண்டிருந்ததும் நின்றுபோகிறது. லன்ட்சாங் என்ற பெயரில் மேக்கோங் ஓடும் சீனப் பகுதியில், 1990-களில் எழுந்த மான்வான் அணையில் தொடங்கி, முதன்மை ஆற்றின் குறுக்கே மட்டும் பத்துக்கும் மேற்பட்ட அணைகள் நிற்கின்றன. அடுத்து லாவோஸ், 2019-இல் 1,285 மெகாவாட் திறனுள்ள சாயபுரி அணையை இயக்கத் தொடங்கியது. அதன் மின்சாரத்தில் பெரும்பகுதியை வாங்குவது தாய்லாந்து. ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 16 கோடி டன் என்று கணக்கிடப்பட்ட வண்டல், இப்போது பாதிக்கும் கீழாகிவிட்டது. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆகிய நான்கும் சேர்ந்து 1995-இல் மேக்கோங் ஆற்று ஆணையத்தை அமைத்தன. ஆற்றின் தலைமாட்டில் இருக்கும் சீனா அதில் உறுப்பினர் இல்லை. ஆணையத்தால் பேச முடியும், கேட்க முடியும், அளக்க முடியும். எந்த அணையையும் தடுக்க முடியாது. மேல்மடைக்காரன் உட்காராத பஞ்சாயத்தில் கடைமடைக்காரனுக்கு என்ன கிடைக்கும் என்று என் அப்பாவைக் கேட்டால் சொல்வார்.

இனி உணவுக்கு வருகிறேன், ஏனென்றால் சௌ தொக்கில் சாப்பிட்ட அந்த ஒரு வேளைக்காகவே இந்தப் பயணத்தின் எல்லாத் தொல்லைகளையும் மன்னித்துவிடலாம். எங்கள் தங்குமிடத்தின் உரிமையாளரான அம்மையார், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடையைக் கைகாட்டினார். மேசை நடுவே அடுப்பு வைத்து, அதன்மேல் புளி கரைத்த ரசம் கொதிக்கும் சட்டியை வைத்தார்கள். பக்கத்துத் தட்டில் விரலைவிடச் சிறிய மீன்கள், மற்றொரு தட்டில் மலைபோல் மஞ்சள் பூக்கள். பூவைப் பார்த்ததும் அக்கா "அகத்தி மாதிரி இருக்கே" என்றார். அகத்தியின் இனமேதான், வெள்ளம் வரும்போது வயல்வரப்புகளில் பூக்கும் அதை அங்கே 'தியென் தியென்' என்கிறார்கள். மீன் வேகும் நேரம் ஒரு நிமிடம்; முள்ளோடு அப்படியே உண்ணலாம். பூவின் இலேசான கசப்பும், புளியின் புளிப்பும், மிளகாய் நறுக்கிப் போட்ட மீன்சாற்றின் உப்பும் சேர்ந்து, இரண்டாவது சட்டி வேண்டும் என்று நாங்கள் கேட்கும்படி செய்தன. இரண்டும் சேர்ந்து 3,60,000 டாங், அதாவது ஏறக்குறைய 1,200 ரூபாய். நோட்டில் எழுதும்போது அக்காவின் முகத்தில் வருத்தமே இல்லை. வியட்நாமியர் 'லின்' என்று அழைக்கும் அந்த மீன் வேறொன்றுமில்லை, கம்போடியாவின் ரியெல் மீனேதான். பேருந்தில் என்னை வதைத்ததையே நான் இப்போது இரண்டு சட்டி தின்றிருந்தேன்.

கடைக்காரரிடம் கைப்பேசி மொழிபெயர்ப்பின் துணையோடு பேசிக்கொண்டிருந்தோம். வெள்ளம் வருவதை அங்கே இடராக நினைப்பதில்லை. 'நீர் மிதக்கும் பருவம்' என்று அதற்குப் பெயர், அளவோடு வந்து மீனும் வண்டலும் தந்துவிட்டுப் போகும் வெள்ளத்தை 'அழகான வெள்ளம்' என்கிறார்கள். முன்பெல்லாம் வண்டி வண்டியாக லின் வரும், இப்போது கிலோ கணக்கில் வருகிறது, விலையும் ஏறிவிட்டது என்றார். அணைகள் மட்டுமே காரணம் என்று அவர் சொல்லவில்லை. மூன்றாம் போகம் நெல் விளைவிப்பதற்காக அந்த மாவட்டங்களிலேயே உயரமான கரைகளை எழுப்பி வெள்ளத்தை வயலுக்குள் விடாமல் தடுத்திருக்கிறார்கள். வண்டல் வராத மண்ணுக்கு உரத்தைக் கொட்டுகிறார்கள். வியட்நாமின் நெல்லில் பாதிக்கும் மேல், ஏற்றுமதி அரிசியில் ஏறக்குறைய 90 விழுக்காடு மேக்கோங் டெல்டா என்னும் இந்த வடிநிலத்திலிருந்து போகிறது. அந்தப் பெருமைக்கு வயல்கள் கொடுக்கும் விலை எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் வருவதில்லை.

மேலும் கிழக்கே போகப் போக நிலம் தாழ்கிறது. இந்த வடிநிலத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லை. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச அதுவும் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. மணல் எடுத்து ஆழமான ஆற்றுக்குள் கோடையில் கடல்நீர் ஏறுகிறது. 2016-இலும் 2020-இலும் உப்பு ஏறி நெற்பயிர் கருகியது. ஆறு சூழ்ந்த அன்றைய பென் செ மாகாணத்தில் மக்கள் குடிநீரைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

கன் தோ நகரின் காய் ராங் மிதக்கும் சந்தைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே போய்விடுங்கள். ஏழு மணிக்குப் போனால் சுற்றுலாப் பயணிகளைத்தான் பார்ப்பீர்கள். எங்களை ஏற்றிய படகோட்டிப் பெண்மணி சொன்ன விலைக்கு ஒரு காசுகூட அதிகம் கேட்கவில்லை என்பதை இங்கே நன்றியோடு பதிகிறேன். படகில் எது விற்பனைக்கோ அதை ஒரு நீண்ட கம்பத்தின் உச்சியில் கட்டித் தொங்கவிடுவது அங்கே வழக்கம்: அன்னாசி தொங்கினால் அன்னாசிப் படகு, பூசணி தொங்கினால் பூசணிப் படகு. கொடியில் காயும் துணிகள் மட்டும் விலைக்கல்ல, அவை அங்கேயே குடியிருப்பவர்களுடையவை. பாலங்களும் சாலைகளும் வந்தபின் வியாபாரிகள் லாரிக்கு மாறிவிட, சந்தை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவருகிறது. ஆடும் படகில் வாங்கிச் சாப்பிட்ட ஹூ தியூ நூடுல்ஸ் 40,000 டாங். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சூடு ஆறாமல் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் ஒரு பழைய மரப்படகின் கம்பத்தில் காய்ந்த தென்னோலை ஒன்று தொங்கியது. ஓலையையா விற்கிறார்கள் என்று கேட்டோம். இல்லை, ஓலை தொங்கினால் படகே விற்பனைக்கு என்று பெண்மணி விளக்கினார். எட்டு நாட்களாகக் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் விலை கேட்டுப் பழகிய அக்கா, இதற்கும் கேட்கச் சொன்னார். படகின் முனையில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்த முதியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார், பெண்மணி சிரித்தார். ஓலையைக் கட்டி இரண்டு மாதமாகிறதாம், விலை கேட்டது நாங்கள்தான் முதலாம்.