மிச்சிகனுக்குள்ளேயே ஒரு கோடை

ஜூலை 5, 2024, வெள்ளி

ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் எங்கே கூட்டிப்போவது என்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் பக்கத் தமிழர்களைக் கேட்டால் நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். பாதி நேரம் காரில் போகும், மீதி நேரம் பார்க்கிங் தேடுவதில் போகும். அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மாவால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. அதனால் இந்த வருடம் மிச்சிகன் எல்லையைத் தாண்டுவதில்லை என்று வீட்டில் பேசி முடிவுசெய்தோம்.

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் (கிரேட் லேக்ஸ்) நான்கு இந்த மாநிலத்தைத் தொடுகின்றன. 3,200 மைலுக்கு மேல் கரை இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஓரமாகவே போய்வந்தால் போதும், வேறு திட்டமே வேண்டாம் என்பது என் எண்ணம்.

அப்பாவுக்கு வரைபடம் காட்டினேன். மாநிலம் இரண்டு தீபகற்பம். கீழ்த் தீபகற்பம் கையுறை மாதிரி இருப்பதால் இந்த ஊர்க்காரர்கள் கையை விரித்தே "நான் இங்கே இருக்கிறேன்" என்று காட்டுவார்கள். மேல் தீபகற்பம் தனித் துண்டு. டொலீடோ நகரப் பகுதிக்காக ஒஹையோவோடு 1835-இல் சண்டை வந்தது. அந்த நிலத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகக் கிடைத்ததுதான் மேல் தீபகற்பத்தின் பெரும்பகுதி. அன்று பலருக்கு அது வெறும் காடாகத் தெரிந்தது. பிறகு அங்கே செம்பும் இரும்பும் கிடைத்தன.

ஜூலை 13, சனி

காலை ஆறரைக்குக் கிளம்பி ஐ-75-இலேயே வடக்கே வந்தோம். மதியச் சாப்பாடு ஒரு ரெஸ்ட் ஏரியா மேஜையில், புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும். வடக்கே போகப்போக சைவச் சாப்பாடு குறைந்துகொண்டே போகும். எலக்ட்ரிக் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி மூன்றும் இருந்தால் கவலையில்லை. கிச்சனெட் வைத்த அறையாகப் பார்த்து எடுங்கள்.

மாலையில் இரண்டு தீபகற்பங்களையும் இணைக்கும் மேக்கினா பாலம். 1957-இல் திறந்தது, ஏறத்தாழ ஐந்து மைல் நீளம். அதற்கு முன்னால் கார்களைப் படகில் ஏற்றித்தான் அக்கரை போக வேண்டும். மான் வேட்டைக் காலத்தில் வரிசை மைல்கணக்கில் நிற்குமாம். நடுவில் உள்ள இரண்டு லேன்கள் இரும்புக் கம்பி வலை, கீழே தண்ணீர் தெரியும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி சொன்னாள். ஓட்டப் பயமாக இருந்தால் பாலத்து ஊழியரே உங்கள் காரை ஓட்டி அக்கரையில் விடுவார்.

ஜூலை 14, ஞாயிறு

மேக்கினா தீவு. 1898 முதல் அங்கே மோட்டார் வண்டிக்குத் தடை. குதிரையும் சைக்கிளும்தான். தீவைச் சுற்றி எட்டு மைல் சாலை, மேடே கிடையாது. பிள்ளைகள் இருவரும் சைக்கிளில் சுற்றினார்கள், அப்பா அம்மா குதிரை வண்டியில். ஃபட்ஜ் என்ற இனிப்பு விற்கும் கடைகளின் வாசனையில் தெருவே மணக்கிறது. அழகான இடம்தான், ஆனால் ஒரு பகல் போதும். இரவு தங்கும் செலவை மேல் தீபகற்பத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஜூலை 15, திங்கள்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

அப்பா பொதுப்பணித்துறையில் இருந்தவர். கல்லணைக் கால்வாயில் ஷட்டர் ஏற்றி இறக்குவதைப் பார்த்தே பாதி ஆயுள் கழித்தவர். அவருக்காகவே சூ செயின்ட் மேரி ஊரைத் திட்டத்தில் சேர்த்தேன். சுப்பீரியர் ஏரியின் தண்ணீர் செயின்ட் மேரீஸ் ஆற்று வழியாக ஹியூரான் ஏரிக்குப் போகிறது. வழியில் ஏறத்தாழ 21 அடி இறக்கம். கப்பல் அருவியில் இறங்க முடியாதே. அதற்காக 1855-இல் முதன்முதலாகக் கட்டியதுதான் சூ லாக்ஸ். லாக் என்றால் இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி, தண்ணீர் மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும்.

பார்வையாளர் மேடைக்குக் கட்டணம் இல்லை. எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வரும் என்று உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் போதும், நடக்கவே வேண்டாம்.

பத்தரை மணிக்கு மேலிருந்து ஒரு கப்பல் வந்தது. ஆயிரம் அடி நீளம், முழுக்க இரும்புத் தாது. அவ்வளவு பெரியது இங்கே 'போ' (Poe) என்ற லாக்கில் மட்டும்தான் நுழையும். லாக்கின் அகலம் 110 அடி, கப்பலின் அகலம் 105. இரண்டு பக்கமும் இரண்டரை அடி இடைவெளியில் மெதுவாக நுழைந்தது. பின்பக்கக் கதவு மூடியது. அப்புறம் சத்தமே இல்லாமல் கப்பல் இறங்க ஆரம்பித்தது.

"பம்ப் எங்கேம்மா இருக்கு?" என்றார் அப்பா. பம்ப் இல்லை என்றேன். மேல் ஏரித் தண்ணீர் தானாகவே பாய்ந்து லாக்கை நிரப்புகிறது. வால்வைத் திறந்தால் கீழே வடிகிறது. கப்பலை ஏற்றுவதும் இறக்குவதும் புவியீர்ப்புதான். அப்பா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வால்வு தரைக்கு அடியில் எங்கே வரும், கதவு ஏன் நேராக இல்லாமல் கோணமாக மூடுகிறது, தண்ணீர் அழுத்தமே எப்படிக் கதவை இன்னும் இறுக்குகிறது என்று பேரனுக்கு விளக்கினார். எங்கள் பக்கத்தில் நின்ற தம்பதிக்கும் ஆங்கிலத்தில் சொன்னார். ஓய்வுபெற்ற பிறகு அவர் இவ்வளவு ஆர்வமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இன்னும் இரண்டு கப்பல் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். இந்தத் தாது மினசோட்டாவிலிருந்தும் மேல் தீபகற்பத்திலிருந்தும் இந்தியானா, ஒஹையோ எஃகு ஆலைகளுக்குப் போகிறது. போ லாக் பழுதானால் பெரிய கப்பல்களுக்கு மாற்றுவழி இல்லை. அதனால் அதே அளவில் இன்னொரு லாக் பக்கத்திலேயே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலையையும் மேடையிலிருந்தே பார்க்கலாம். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 25 வரை லாக் மூடியிருக்கும், அப்போது வந்து ஏமாறாதீர்கள்.

ஜூலை 16, செவ்வாய்

ஒயிட்ஃபிஷ் முனையில் கப்பல் விபத்து அருங்காட்சியகம். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற தாதுக்கப்பல் 1975 நவம்பர் 10 புயலில் இங்கிருந்து 17 மைல் தூரத்தில் மூழ்கியது. அதில் இருந்த 29 பேரும் இறந்தார்கள். கப்பல் கட்டப்பட்டது எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ரிவர் ரூஜில், கடைசியாகப் போய்க்கொண்டிருந்ததும் டெட்ராய்டை ஒட்டிய ஜூக் தீவுக்கு. 1995-இல் மேலே கொண்டுவந்த அதன் மணி உள்ளே இருக்கிறது. நேற்று லாக்கில் கப்பல் பார்த்ததால் பெண் அந்த மணியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். சூ லாக்ஸை முன்னால் பார்த்துவிட்டு இங்கே வரும் வரிசைதான் சரி.

மதியம் டாக்குவமெனான் அருவி. மேல் அருவிக்கு சுமார் 50 அடி உயரம், 200 அடி அகலம். தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் விழுகிறது. மேலே உள்ள சதுப்புக் காட்டில் சீடர், ஹெம்லாக் மரங்களிலிருந்து ஊறும் டானின்தான் காரணம். நல்ல பாதை இருப்பதால் அப்பா மெதுவாக நடந்தே வந்துவிட்டார். கொசு மருந்து கட்டாயம் வேண்டும்.

ஜூலை 17, புதன்

மூனிசிங். பிக்சர்ட் ராக்ஸ் என்ற வண்ணப் பாறைகளைப் பார்க்க முன்பதிவு செய்திருந்த காலைப் படகு, அலை அதிகம் என்று ரத்து. மாலைப் படகில் இடம் கொடுத்தார்கள். பாறைகள் வடமேற்கைப் பார்த்து நிற்பதால் வெயில் சாய்ந்த நேரம்தான் நிறம் நன்றாகத் தெரிகிறது. நீங்கள் மாலைக்கே பதிவுசெய்யுங்கள். பாறைக்குள் ஊறி வரும் தண்ணீரில் இரும்பு இருந்தால் சிவப்பு, செம்பு இருந்தால் பச்சையும் நீலமும், மாங்கனீஸ் இருந்தால் கறுப்பு.

என் மனதில் நிற்பது சாப்பல் பாறை. அதன் உச்சியில் ஒரே ஒரு பைன் மரம். பாறையையும் கரையையும் இணைத்த வளைவு 1940-களில் இடிந்துபோனது. மரத்தின் வேர்கள் மட்டும் அறுபடாமல், வெறும் காற்றில் தொங்கி, கரையின் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மரம் இன்னும் பச்சையாக இருக்கிறது. அம்மா கைகூப்பினாள்.

ஜூலை 18, வியாழன்

மனிஸ்டிக் அருகே கிட்ச்-இட்டி-கிப்பி ஊற்று. 40 அடி ஆழம், அடி வரை தெளிவாகத் தெரிகிறது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் காலனுக்கு மேல் பொங்குகிறது. எப்போதும் 45 டிகிரி ஃபாரன்ஹீட், குளிர்காலத்திலும் உறைவதில்லை. வடத்தில் கட்டிய மிதவையை நாமே சக்கரம் சுற்றி நடுவுக்குக் கொண்டுபோகலாம். பையன் வேறு யாரையும் சுற்ற விடவில்லை. 1926-இல் இந்த இடத்தை மாநிலத்துக்கு விற்றது பத்து டாலருக்கு. பொதுச்சொத்தாக இருக்கட்டும் என்று நினைத்தவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஜூலை 20, சனி

ஸ்லீப்பிங் பேர் (தூங்கும் கரடி) மணல்மேடுகள். விஸ்கான்சினில் காட்டுத்தீயிலிருந்து தப்பி மிச்சிகன் ஏரியை நீந்திக் கடந்த தாய்க்கரடியும், கரைசேராத இரண்டு குட்டிகளும் என்று அனிஷினாபே பூர்வகுடி மக்களின் கதை. தாய் மணல்மேடாகிக் காத்திருக்கிறது. குட்டிகள் எதிரே தெரியும் இரண்டு மனிட்டூ தீவுகள். பிள்ளைகள் ட்யூன் க்ளைம்ப் என்ற மணல் ஏற்றத்தில் ஏறட்டும். பெரியவர்களைப் பியர்ஸ் ஸ்டாக்கிங் சாலையில் காரிலேயே கூட்டிப்போகலாம். ஏரியை நோக்கிய 450 அடிச் சரிவில் மட்டும் இறங்க விடாதீர்கள். இறங்குவது ஐந்து நிமிடம், ஏறுவது மணிக்கணக்கு.

கரையில் பெட்டோஸ்கி கல் கிடைக்கும், பழங்காலப் பவளத்தின் புதைபடிவம். தேசிய ஏரிக்கரைக்குள் எடுக்கக் கூடாது, மாநிலக் கரைகளில் வருடத்துக்கு 25 பவுண்டு வரை எடுக்கலாம். டிராவர்ஸ் சிட்டி போகும் வழியெல்லாம் செர்ரிக் கடை. புளிப்புச் செர்ரியில் அம்மா ஊறுகாய் போடப்போகிறாள்.

ஜூலை 28, ஞாயிறு

இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, நாள் குறைவாக இருந்தால் எதைப் பார்ப்பது, குழந்தையோடு எங்கே போவது என்று கேட்டவர்களுக்கு. இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் பாலமும் சூ லாக்ஸும், அவ்வளவுதான். தீவைக்கூட விடலாம். கைக்குழந்தை இருந்தால் மேற்குக் கரைக்குப் போங்கள், மிச்சிகன் ஏரி சுப்பீரியர் அளவுக்குக் குளிராது. கோடையில் சுப்பீரியர் கரையில் கணுக்காலைக் கடிக்கும் ஈ உண்டு, காலுறை போடுங்கள். மேல் தீபகற்பத்தில் பல இடங்களில் செல்போன் எடுக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். மாநிலப் பூங்காக்களுக்கு வண்டிப் பதிவோடு ரெக்ரியேஷன் பாஸ்போர்ட் என்ற பூங்கா அனுமதியை வாங்கியிருந்தால் தனி நுழைவுக் கட்டணம் இல்லை.

அப்பா அம்மா அக்டோபர் வரை இங்கேதான். இலை நிறம் மாறும்போது மேல் தீபகற்பத்தின் கீவனா பக்கம் போகலாம் என்றிருக்கிறோம். அங்கே ஹான்காக்கில் குயின்சி செம்புச் சுரங்கம், சுரங்கத்திலிருந்து தாதுவை மேலே இழுக்கும் ஹாய்ஸ்ட்களில் உலகிலேயே பெரிய நீராவி இயந்திரம் அதனுடையது. அப்பா இப்போதே அதைப் பற்றிக் கேள்விகள் எழுதி வைக்கிறார்.