மூன்று லிட்டர் ஆயிலுக்கு மூன்று நடை

"10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது." எப்போது இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டும் என்பதற்குக் கார் மேனுவலில் இருப்பது இதுதான். நான் கிலோமீட்டரை மட்டும் பிடித்துக்கொண்டேன். மதுரைக்குள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று ஓட்டுகிற பெட்ரோல் கார். கடைசியாக ஆயில் மாற்றி 8,300 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. ஆனால் அதை ஓட்டி முடிக்க இரண்டு வருடம் ஆகிவிட்டது.

பஞ்சர் பார்க்க வந்த தெருமுனை மெக்கானிக் அண்ணன் சும்மா பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கிற குச்சியான டிப்ஸ்டிக்கை உருவினார். ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. "கிலோமீட்டரப் பாத்தீங்க, தேதியப் பாத்தீங்களா சார்?" என்றார். மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் முழுசாகச் சூடாவதே இல்லையாம். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். கம்மியாக ஓட்டுகிற கார்தானே என்ற என் கணக்கு அங்கேயே அடிபட்டது.

பில் கையில் இருக்கட்டும் என்று பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். முதல் நாள், மேனுவலில் போட்டிருக்கிற 5டபிள்யூ-30 ரக ஆயில் ஸ்டாக் இல்லை. அதைவிடக் கெட்டியான ரகத்தைக் காட்டி, "20டபிள்யூ-50 ஊத்திரலாம், நம்ம ஊர் வெயிலுக்கு அதான் சார் நல்லது" என்றார் சர்வீஸ் அட்வைசர். மேனுவலைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு நாளைக்கு வரச் சொன்னார். அரை நாள் லீவு போச்சு.

மறுநாள் வேலை சீக்கிரமே முடிந்தது. பில்லில் நான் கேட்கவே கேட்காத 'இன்ஜின் ஃபிளஷ்', அதாவது இன்ஜினின் உள்ளே கழுவுகிற வேலை, உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, செய்ய வேண்டிய வேலைகளை எழுதித் தரும் ஜாப் கார்டைக் காலையிலேயே போட்டோ எடுத்து வைத்திருந்தேன். காட்டியதும் மறுபேச்சில்லாமல் அந்த வரியை அடித்துவிட்டார்கள். வண்டியை விடும்போது இந்தப் போட்டோவை மட்டும் மறக்காதீர்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் காலை, வண்டி சமதளத்தில் ராத்திரி முழுக்க நின்றிருந்ததால், டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி சொருகி எடுத்துப் பார்த்தேன். நல்லெண்ணெய் நிறத்தில் புது ஆயில், மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை உயரத்துக்கு நின்றது. பில்லை எடுத்துப் பார்த்தால் 3.5 லிட்டர். என் காருக்கு ஃபில்டரோடு சேர்த்தே 3.1தான். கேன் 3.5 லிட்டர் என்பதால் அப்படியே கவிழ்த்திருக்கிறார்கள்!

மூன்றாவது நடை. "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே சார்" என்கிறார் அதே மனிதர். நல்லதில்லை. அளவு மிஞ்சினால், இன்ஜினுக்குள் சுழல்கிற தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயில் பேரிங்குகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. ஆயிலை வடிக்க இன்ஜின் அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றாமல் டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே பம்ப் வைத்து உறிஞ்சச் சொன்னேன். போல்ட்டைக் கழற்றினால் அதன் வாஷரையும் புதுசாகப் போட வேண்டும், அதை அங்கே யார் செய்வார்கள்? கோடு சரியாகும்வரை பக்கத்திலேயே நின்றேன். எடுத்த ஆயிலையும் கேட்டு வாங்கிக்கொண்டேன், காசு கொடுத்ததாயிற்றே.

கதவோரம் '5,000 கி.மீ.யில் வரவும்' என்று ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தார்கள். கிழித்துவிட்டு, அந்த இடத்தில் மார்க்கரால் தேதியை எழுதினேன். என் ஓட்டத்துக்கு வருடம்தான் முந்தும்.

மிச்ச ஆயில் ஒரு தண்ணீர் பாட்டிலில் இருக்கிறது. சமையலறைப் பக்கம் வைத்தால் அம்மா தோசைக்கல்லில் ஊற்றினாலும் ஊற்றிவிடுவார், அவ்வளவு பளபளப்பு. 'கார் ஆயில்' என்று கொட்டை எழுத்தில் எழுதி டிக்கியில் போட்டுவிட்டேன்.