காலுக்கு ஒரு நோயும் இல்லை

கடலூரில் வீடுகளுக்குப் போய் பிசியோதெரபி செய்கிறேன். பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு என்றுதான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். ஆனால் என்னை அதிகம் வருத்துவது, காலில் எந்த நோயும் இல்லாமலேயே நடையை இழந்தவர்கள்தான்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர். வலை இழுத்தே உரமேறிய உடம்பு. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீடு திரும்பியவர். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் வாரக்கணக்காக அவரை எழுந்திருக்கவே விடவில்லை. "மாமாவ தரையில கால் வைக்க விடறதில்ல சார், எல்லாம் நானே பாத்துக்கிறேன்" என்றார் மருமகள். அந்தப் பாசம் நிஜமானது. கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

போர்வையை விலக்கினேன். தொடைச் சதை தொளதொளவென்று கிடந்தது. வலது கால் வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தது. "பாதத்த மேல தூக்குங்க ஐயா" என்றேன். இடது பாதம் எழுந்தது, வலது அசையவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் ஓர் எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதைச் சுற்றி, தோலை ஒட்டியே ஓடுகிறது. வற்றிய கால் கட்டிலில் ஒரே வாக்கில் அழுந்திக் கிடந்தால் அந்த நரம்பு நசுங்கும்.

தசையும் சீக்கிரமே போகும். முழு ஓய்வில் வாரத்துக்குச் சுமார் 10 சதவீத பலம் குறையலாம். உடம்பைத் தாங்கி நிறுத்தும் தொடை, பிட்டம், கெண்டைக்கால் தசைகள்தான் முதலில் தேயும். 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களே 10 நாள் படுக்கையில் கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழந்தார்கள். பலம் அதைவிட வேகமாகக் குறைகிறது, ஏனென்றால் தசைக்கு வரும் நரம்புத் தூண்டலும் மந்தமாகிவிடுகிறது.

முதல் நாள் கட்டிலோரம் உட்கார வைத்ததற்கே அவருக்குத் தலை சுற்றியது. படுத்தே இருந்தவர்களுக்கு நிமிர்ந்ததும் ரத்த அழுத்தம் இறங்கும். சரி, இன்றைக்கு இது போதும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்காரும் பயிற்சி. அதை மருமகளே பக்கத்தில் நின்று செய்ய வைத்தார். சதை ஏறும் முன்பே நிற்கும் பலம் வந்துவிட்டது. நரம்புத் தூண்டல் முதலில் மீள்வதால் அப்படி நடக்கும். நசுங்கிய நரம்புக்கோ மாதக்கணக்காகும். இப்போதும் வலது பாதத்துக்குத் தாங்குபட்டை போட்டுத்தான் நடக்கிறார்.

ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது, எப்போது உட்காரலாம், எப்போது நடக்கலாம் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டுவருகிறேன்.