எப்போதிலிருந்து இப்படி இருக்கு?

நாயை மேசையில் ஏற்றியதும் நான் கேட்கும் முதல் கேள்வி இது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை செய்கிறேன். வருகிறவற்றில் முக்கால்வாசி மாடும் ஆடும்தான். ஆனாலும் ராஜபாளையம், சிப்பிப்பாறை ஜாதி நாய்களை வளர்க்கிற பூமி இது. தோட்டத்துக்கு ஒரு நாய், தெருவுக்கு நாலு நாய், வீட்டுக்குள்ளே ஒரு பொமரேனியன் என்று நாய்களும் தினமும் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

“இன்னிக்குக் காலையிலருந்துதான் டாக்டரம்மா” என்பது பெரும்பாலும் கிடைக்கிற பதில். அதோடு நான் விடுவதில்லை. நேற்று ராத்திரி சாப்பாட்டை முழுசாகத் தின்றதா? முந்தாநாள் நீங்கள் வண்டியை நிறுத்தும்போது வாசலுக்கு ஓடி வந்ததா? கடைசியாக எப்போது உங்கள் மேல் தாவியது? கேட்கக் கேட்க அவர்கள் முகம் மாறும். “ஆமா, ரெண்டு மூணு நாளா எந்திரிச்சு வரல, படுத்த இடத்துலருந்தே வாலை ஆட்டுச்சு” என்பார்கள். மூன்று நாள் நோயோடு வந்த நாய் அது. அவர்கள் பொய் சொல்லவில்லை. சாப்பாட்டை மூக்கால் தள்ளிவிட்ட அன்றுதான் அவர்கள் கணக்கில் நோய் தொடங்குகிறது. நாய்க்கோ அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. வலியை மறைத்துக்கொள்வது நாயின் இயல்பு. நன்றாக இருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று மனதில் பதிந்திருந்தால்தான் சின்ன மாற்றம் கண்ணில் படும்.

அதனால் சும்மா தடுப்பூசிக்கு வருகிறவர்களைக்கூட ஒரு நிமிடம் நிறுத்தி, நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் காட்டுவேன். “இந்த நிறத்தை நல்லாப் பாத்துக்கோங்க. இதுதான் இவன் நல்லா இருக்கற நிறம்.” விரலால் ஈறை அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுக்கும். இரண்டு நொடிக்குள் ரத்தம் திரும்பி வந்து இளஞ்சிவப்பாகிவிட வேண்டும். ராஜபாளையம் நாய்க்கு மூக்கே இளஞ்சிவப்பு, ஈறும் அப்படித்தான், பார்ப்பது சுலபம். ஈறு கறுப்பாக இருக்கிற நாட்டு நாய்க்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் பார்க்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். மூக்கு காய்ந்திருக்கிறது, அதனால் காய்ச்சல் என்று ஓடி வருகிறவர்கள் நிறைய. மூக்கு வெயிலிலும் காயும், தூங்கி எழுந்தாலும் காயும். அதை நம்ப முடியாது. ஈறை நம்பலாம்.

இந்த ஈறு எனக்குப் பிடித்துக் கொடுத்த நோய்களில் முக்கியமானது உண்ணிக் காய்ச்சல். மல்லித் தோட்டக்காரர் ஒருவர் தன் சிப்பிப்பாறை நாயைக் கூட்டி வந்தார். “சோம்பேறி ஆயிட்டான், முயலைப் பாத்தாக்கூட ஓட மாட்டேங்குறான்” என்றார். உதட்டைத் தூக்கினால் ஈறு வெந்த சோறு மாதிரி வெளுத்திருந்தது. காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்குகளிலும் மிளகு ஒட்டிவைத்தது போல உண்ணி. உண்ணி கடித்து உள்ளே விடுகிற கிருமி ரத்தத்தைக் கெடுக்கும். ஒரு வகை ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும், அப்போது சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகும். இன்னொரு வகையில் ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் குறைந்து மூக்கிலிருந்து ரத்தம் வடியலாம். மூக்கில் ரத்தம், டிக்காஷன் சிறுநீர், வெளுத்த ஈறு, இதில் எது ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நாய்க்கு 28 நாளுக்கு மாத்திரை எழுதினேன். ஐந்தாவது நாளே அது துள்ளி ஓடியதும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் மறுபடி அதே மேசை, அதே வெளுத்த ஈறு. அன்று முதல் மாத்திரை எழுதும்போதே ‘நாய் ஓடினாலும் நிறுத்தக் கூடாது’ என்று சீட்டில் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன்.

குட்டிகள் விஷயத்தில் காத்திருக்கவே கூடாது. நாலு மாதத்துக்குள் இருக்கும் குட்டி, தடுப்பூசி முடியவில்லை, வாந்தி எடுக்கிறது, பேதியில் ரத்தம் இருக்கிறது, வாடை குடலைப் புரட்டுகிறது என்றால் பெரும்பாலும் பார்வோ என்கிற வைரஸ் நோய். தயிர் சாதம் கொடுத்துப் பார்த்தோம், மாதுளைத் தோல் கொடுத்துப் பார்த்தோம் என்று இரண்டு நாளைக் கழித்துவிட்டு வருகிறார்கள். அந்த இரண்டு நாளில் உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் போய், ஊசி போட நரம்பு கிடைக்காத நிலைக்குக் குட்டி வந்துவிடும். வந்த அன்றே குளுக்கோஸ் ஏற்றியவற்றில் எத்தனையோ பிழைத்திருக்கின்றன. பெரிய நாய் ஒருவேளை சாப்பிடாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம். பால்குட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது.

ஓடி வரத் தேவையில்லாதவையும் இருக்கின்றன. நாய் புல் தின்பது, காலையில் வெறும் வயிற்றில் ஒருமுறை மஞ்சள் நுரை கக்குவது, தீனி மாற்றியதால் ஒருமுறை இளகிப் போவது, குட்டிக்கு விக்கல் இவையெல்லாம் அந்த வகை. நாய் வழக்கம்போல விளையாடி, தண்ணீர் குடித்து, அடுத்த வேளை சாப்பிட்டுவிட்டால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். ஆனால் திரும்பத் திரும்ப வந்தாலோ கூடவே சோர்வும் சேர்ந்தாலோ கதை வேறு.

வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் நாய்க்கென்று தனியாக இருப்பது நல்லது. நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாயின் இயல்பான சூடே 101, 102 டிகிரி இருக்கும். நமக்கு அது காய்ச்சல், அதற்கு அது சாதாரணம். 103-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 104 ஆனால் கிளம்பிவிட வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் மூச்சு இரைத்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, கால் தள்ளாடுகிற நாயை மட்டும் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வராதீர்கள். முதலில் சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் போட்டு, சூடு இறங்கத் தொடங்கிய பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு லாப்ரடார் ஞாபகத்துக்கு வருகிறது. அதை வளர்த்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். நாய் முன்னங்காலை நொண்டியது. தனக்கு மூட்டு வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் பாதியை உடைத்து, வாழைப்பழத்துக்குள் வைத்து நாலு நாள் கொடுத்திருக்கிறார். ஐந்தாம் நாள் வந்தபோது நொண்டல் இல்லை. ஆனால் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. வயிற்றுக்குள் புண்ணாகி ரத்தம் கசிந்ததன் அடையாளம் அது. மனிதர்களுக்கு வலி தீர்க்கிற டைக்ளோஃபினாக்கும் ஐபுப்ரோஃபெனும் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். பாரசிட்டமாலும் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுத்துவிடும். ஒரு வாரம் தினமும் டிரிப்ஸ் ஏற்றி அந்த நாய் தேறியது. ஆனால் அவர் முகத்தில் இருந்த வேதனையை என்னால் மறக்க முடியவில்லை. “வலிக்குதேன்னுதான் குடுத்தேன்” என்று அந்த ஒரு வாரமும் சொல்லிக்கொண்டே இருந்தார். தெரியாமல் எதையாவது கொடுத்துவிட்டால் மறைக்காமல், அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள். அட்டையைப் பார்த்தால் நான் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரியும்.

பெட்டை நாய் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்கிற தனிக் கேள்வி ஒன்று உண்டு. “கடைசியா எப்ப சூட்டுக்கு வந்துச்சு?” ஏழு வயது பொமரேனியன் ஒன்றைக் கொண்டு வந்த அம்மா, “வெயிலுக்கு நல்லாத் தண்ணி குடிக்குது, ஆனா சோறுதான் எறங்கல” என்றார். சூட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வயிறு லேசாக உப்பியிருந்தது. கர்ப்பப்பை முழுக்கச் சீழ். வெளியே வடிந்திருந்தால் வாடை வந்து அவர் முன்பே கண்டுபிடித்திருப்பார். வடியாமல் உள்ளேயே அடைபட்டிருந்ததுதான் ஆபத்து. அன்று மாலையே அறுவை சிகிச்சை செய்து கர்ப்பப்பையை எடுத்தோம். குட்டி போட்டிராத, நடுவயதைத் தாண்டிய பெட்டை நாய் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து நிறைய சிறுநீர் கழித்தால் அதை வெயிலின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பெரிய ஜாதி நாய்கள் சாப்பிட்ட பிறகு வயிறு மத்தளம் போல உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று எதுவும் வராமல் தவித்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதில் கையில் இருப்பது சில மணி நேரம்தான்.

இனிச் சொல்லப்போவது நாயோடு நிற்காத விஷயம்.

ஒரு நாள் காலையில் டிவிஎஸ் வண்டியின் முன்னால் ஒரு நாட்டு நாயைச் சாக்கில் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். “தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு டாக்டரம்மா, வாயை மூட மாட்டேங்குது.” ராத்திரி அவர் மகன் டார்ச் அடிக்க, இவர் இரண்டு முறை கையை உள்ளே விட்டுத் தேடியிருக்கிறார். நாயை இறக்கிக் கட்டச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். எலும்பு சிக்கிய நாய் முன்னங்காலால் முகத்தை அடித்து அடித்துத் தட்டிவிடப் பார்க்கும். இது அப்படி எதுவும் செய்யவில்லை. கீழ்த்தாடை தொங்கியிருந்தது. எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சட்டியை வைத்தால் ஆசையாகக் குனிந்தது, நாக்கை நீட்டியது, ஆனால் உள்ளே இழுக்க முடியவில்லை. ஒருமுறை குரைக்க முயன்றது. அந்தக் குரல் நாயின் குரலாகவே இல்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு தெருநாயோடு சண்டை போட்டிருக்கிறது. தடுப்பூசி போட்டதே இல்லை. வெறிநோய் என்றால் நாய் பாய்ந்து கடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அமைதியாக வாய் தொங்கி உட்கார்ந்திருக்கிற வகையும் உண்டு. எலும்பு சிக்கியதாகத் தெரிகிற வகை அதுதான். நானே வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் அப்படி ஒரு நாயின் வாயைத் திறக்கக் கையை நீட்டினேன். அனுபவம் மிக்க பராமரிப்பு உதவியாளர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். “அம்மா, கை வைக்காதீங்க.” அந்தப் பிடியை இப்போதும் என் மணிக்கட்டில் உணர்கிறேன்.

இவர் கைகளைக் காட்டச் சொன்னேன். விரல் முட்டிகளில் பல் உராய்ந்த சிராய்ப்பு. குழாயடியில் நிற்கவைத்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவச் சொன்னேன். அங்கிருந்தே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அவர், மனைவி, மகன் மூவருக்கும் அன்றே தடுப்பூசி தொடங்கியது. சிராய்ப்பில் போடுகிற, வெறிநோய்க் கிருமியை எதிர்க்கிற சீரம் ஊசியும் அவருக்குப் போட்டார்கள். அறிகுறி வந்துவிட்டால் நாய்க்கும் மருந்து இல்லை, மனிதருக்கும் மருந்து இல்லை. வருவதற்கு முன்னால் போடுகிற ஊசிதான் உயிர். மூன்றாம் நாள் நாய் இறந்தது. அவர் நன்றாக இருக்கிறார். தெருவில் போகிற நாயையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்து ஊசி போடச் சொல்கிறார். வாய் மூடாத, விழுங்க முடியாத, குரல் மாறிய நாய் எதுவானாலும், அது நீங்கள் பால் ஊற்றி வளர்த்ததாகவே இருந்தாலும், வாய்க்குள் கையை விடாதீர்கள். கட்டிவைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

சென்ற மாதம் ஒரு பாட்டி வந்தார். பன்னிரண்டு வயதுப் பொமரேனியனுக்கு ராத்திரியில் இருமல். முந்தைய முறை வந்தபோது, தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள், முப்பதைத் தாண்டினால் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். வயதான சின்ன ஜாதி நாய்களுக்கு இதய வால்வு தளர்வது வழக்கம். நுரையீரலில் நீர் சேரத் தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது தூக்கத்து மூச்சுதான். பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த தினசரி காலண்டர் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பேனாவால் ஒரு எண். 22. 24. 23. 27. 31. 36.

“முந்தாநேத்து முப்பத்தொண்ணு வந்துச்சு. நாந்தான் தப்பா எண்ணிட்டேனோன்னு நேத்தும் எண்ணுனேன். அதான் வந்துட்டேன்.”

எப்போதிலிருந்து என்று அன்று நான் கேட்கவே இல்லை. நீர் பிரிகிற மருந்தும் இதயத்துக்கு மாத்திரையும் தொடங்கினோம். நேற்று மாத்திரை வாங்க வந்தபோது புதுத் தாள்களைக் கொடுத்தார். கடைசி மூன்றில் 26, 25, 24.